சாத்தே விசிறித் தொப்பி: தலையில் ஓடும் ஓர் எந்திரம் செய்வது எப்படி?

1896-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பாயில் என்பவர் ஒரு தொப்பிப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். எதிரில் வருபவரைப் பார்த்துத் தலையைக் குனிந்தால் போதும். தொப்பி தானாக மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தலையில் உட்காரும். இரண்டு கையிலும் சாமான் இருந்தாலும் மரியாதை குறையக் கூடாது பாருங்கள்!

உடுத்திக்கொள்ளும் எந்திரச் சிற்பத்துக்கு இதைவிட நல்ல முன்னோடி கிடையாது. பயன் என்று பார்த்தால் பூச்சியம். செய்த விதத்தில் மட்டும் விளையாட்டே இல்லை. நாம் செய்யப்போகும் தொப்பியும் அதே சாதி: சாத்தே (குச்சியில் குத்திச் சுடும் இறைச்சி) கடையில் கரி அடுப்பை விசிறும் விசிறி ஒன்று, ஹெல்மெட்டின் முன்னால் நீட்டிக்கொண்டு, போட்டிருப்பவரின் முகத்துக்கு மேலும் கீழும் ஆடும். காற்று பெரிதாக வராது. அதை எதிர்பார்த்து ஆரம்பிக்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும், எங்கே கிடைக்கும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் மோட்டார், அதன் பிடி, கப்ளிங் மூன்றும்தான் கிடைப்பது சிரமம். ஷோப்பி இணையக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மற்றதெல்லாம் ஹார்ட்வேர் கடை, சைக்கிள் கடை, இரண்டு வெள்ளிக் கடை, மோட்டார் பட்டறைக் குப்பைத் தொட்டி ஆகிய நான்கு இடத்தில் முடிந்துவிடும்.

- கட்டுமான வேலைக்காரர்கள் போடும் சேஃப்டி ஹெல்மெட் 1
- என்20 கியர் மோட்டார் 1 (6 வோல்ட், நிமிடத்துக்கு 60 சுற்று), அதற்கான யூ வடிவப் பிடி 1
- 3 மி.மீ. துளையுள்ள ஃபிளாஞ்ச் கப்ளிங் 1 (மோட்டார் அச்சில் தட்டைப் பிடித்து நிறுத்தும் உலோகத் துண்டு)
- 6 மி.மீ. பிளைவுட், 20 × 8 செ.மீ. ஒரு துண்டு, தீப்பெட்டி அளவில் ஒரு மரக்கட்டை
- காய்கறி வெட்டும் பிளாஸ்டிக் பலகை 1 (4 அல்லது 5 மி.மீ. கனம்)
- பழைய சைக்கிள் ஸ்போக் 2 (ஒன்று வளைத்துக் கெடுப்பதற்கு)
- 4 மி.மீ. போல்ட் 1, நைலாக் நட் (அதிர்வில் கழலாத நட்) 1, வாஷர் 4. கப்ளிங்குக்கு 3 மி.மீ. போல்ட் 4
- சின்ன எல் பிராக்கெட் 4, அவற்றுக்குப் போல்ட், நட்
- மீ கடை சாப்ஸ்டிக் 1, சாத்தே விசிறி 1
- மோட்டார் சைக்கிள் டியூப் துண்டு
- சுவிட்ச் உள்ள நான்கு ட்ரிப்பிள் ஏ பேட்டரிப் பெட்டி, ஒயர்
- ஒயர் இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்று (உள்ளே உள்ள பித்தளைத் துண்டு மட்டும்தான் வேண்டும்)

சாதாரணத் தொப்பி இருக்க ஹெல்மெட் எதற்கு? அதன் ஓட்டுக்கும் உள்ளே தலையைப் பிடிக்கும் பட்டைக்கும் நடுவில் ஏறக்குறைய 3 செ.மீ. இடைவெளி இருக்கிறது. போல்ட்டின் தலை மண்டையில் குத்தாது. பின்பக்கத் திருகை முறுக்கினால் யார் தலைக்கும் பொருந்தும். ஆனால் துளை போட்ட ஹெல்மெட் பாதுகாப்புக்கு உதவாது. 'வேலைக்கு அல்ல' என்று மார்க்கர் பேனாவில் உள்ளே பெரிதாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் போட்டுக்கொண்டு செம்பனைக் குலை வெட்டப் போய்விடுவார்கள்.

மோட்டாரின் வேகம்தான் நகைச்சுவை

பள்ளிக்கூட ரோபோ பெட்டிகளில் வரும் மஞ்சள் மோட்டாரை எடுக்காதீர்கள். 1:48 கியர் உள்ள அது 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 200 சுற்றுப் பக்கம் ஓடும். வேகம் மூன்று மடங்கானால் ஆடும் பொருளின் உதறல் ஒன்பது மடங்காகும். விசிறி ஆடுவதற்குப் பதில் ஹெல்மெட்டே ஆடும், பார்ப்பவர்களுக்குச் சிரிப்புக்குப் பதில் பயம் வரும். 60 சுற்று என்றால் அலுத்துப்போன வேலைக்காரர் ஒருவர் வீசுவது போல இருக்கும். 30 சுற்று மோட்டார் போட்டால் அவர் தூங்கி வழிகிறார்.

மெதுவான அசைவு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்க எந்திரச் சிற்பி ஆர்தர் கேன்சனின் சிற்பம் ஒன்று இருக்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று ஓடும் மோட்டாரில் தொடங்கி, ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்கும் பன்னிரண்டு கியர் ஜோடிகள். கடைசிக் கியர் கான்கிரீட்டில் புதைந்திருக்கிறது. அது ஒரு சுற்று முடிக்க இரண்டு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான்கு அளவுகள்

மோட்டார் அச்சில் மாட்டிய வட்டத் தட்டுதான் சுழல்தட்டு; விசிறியைத் தாங்கி ஆடும் கைதான் நெம்புகை; இரண்டையும் இணைக்கும் ஸ்போக்தான் இணைப்புக் கம்பி. சுற்றும் அசைவை ஆடும் அசைவாக மாற்றுவது நான்கு நீளங்கள்தான். காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

சுழல்தட்டில் மையத்திலிருந்து துளைக்கு 15 மி.மீ.
இணைப்புக் கம்பி 82 மி.மீ.
நெம்புகை 40 மி.மீ.
மோட்டார் அச்சுக்கும் நெம்புகையின் அச்சுக்கும் நடுவில் 90 மி.மீ.

இந்த அளவில் விசிறி 44 டிகிரி வீசும். போகிற நேரமும் வருகிற நேரமும் சமமாக இருக்கும். சொந்தமாக அளவு மாற்ற நினைத்தால் ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள்: மிகக் குட்டையானதையும் மிக நீளமானதையும் கூட்டினால், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே 15 + 90 = 105; மறுபக்கம் 82 + 40 = 122. சரி. இந்தக் கணக்கு தவறினால் சுழல்தட்டு முழுச் சுற்று வராமல் பாதியில் முட்டி நிற்கும், மோட்டார் முனகும்.

கம்பியின் நீளத்தில் இரண்டு மி.மீ. கூடக்குறைய வந்தாலும் கவலை இல்லை. வீச்சு அதே 44 டிகிரிதான். முழு வீச்சும் மூன்று டிகிரி மேலேயோ கீழேயோ நகரும், அவ்வளவுதான். சுழல்தட்டின் துளை அப்படியல்ல. 15-க்குப் பதில் 18 ஆனால் வீச்சு 53 டிகிரியைத் தாண்டி, விசிறி ஹெல்மெட்டின் முன்விளிம்பைத் தட்டும்.

1. முதுகுப் பலகை

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, மோட்டாரை ஹெல்மெட்டில் ஓரிடத்திலும் நெம்புகையை வேறோர் இடத்திலும் தனித்தனியாக ஒட்டுவது. ஓடு வளைவானது, அழுத்தினால் நெளியும். 90 மி.மீ. என்ற அளவு ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டும் ஒரே பிளைவுட் துண்டில் உட்கார வேண்டும். பிளைவுட்டை ஹெல்மெட்டின் நடுமுதுகில், முன்னும் பின்னுமாக, மீன் துடுப்பு மாதிரி செங்குத்தாக நிறுத்துகிறோம்.

கீழ்விளிம்பை ஓட்டின் வளைவுக்கு ஏற்ப வெட்ட, முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். மைலோ டின் மூடியை வைத்து வளைவு போடுவதெல்லாம் சரிவராது. அட்டையை ஓட்டின் மேல் நிறுத்தி, ஒரு பென்சிலைப் படுக்கவைத்து ஓட்டோடு உரசியபடி இழுத்தால் அதே வளைவு அட்டையில் விழும்.

நெம்புகையின் துளை: முன்முனையிலிருந்து 2 செ.மீ. உள்ளே, 4 மி.மீ. அங்கிருந்து பின்னால் சரியாக 90 மி.மீ. தள்ளி மோட்டார் மையம். இரண்டும் ஓட்டிலிருந்து ஒரே உயரத்தில், ஏறக்குறைய 5 செ.மீ. மேலே இருக்கட்டும்.

2. மோட்டாரைப் பொருத்துவது

என்20 மோட்டாரின் குறுக்களவு 12 × 10 மி.மீ. பிளைவுட்டில் 9 மி.மீ. துளை போட்டு, அரத்தால் அராவி, அந்த அளவுக்குச் சதுரப்படுத்துங்கள். கியர்ப்பெட்டியின் முகம் பிளைவுட்டின் மறுபக்கத்தோடு சமமாக வரும்வரை மோட்டாரை உள்ளே தள்ளினால், 10 மி.மீ. அச்சு முழுதாக வெளியே நிற்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடம்புக்கு அடியில் மரக்கட்டையை வைத்து, யூ பிடியால் இறுக்குங்கள்.

சூடான பசையோ சூப்பர் க்ளூவோ இங்கே வேண்டவே வேண்டாம். இந்த மோட்டாரின் கியர்கள் மூடியில்லாமல் திறந்தே இருக்கும். ஒரு சொட்டு பசை உள்ளே இறங்கினால் கதை முடிந்தது. அராவும்போதும் மோட்டாரைப் பக்கத்தில் வைக்காதீர்கள், மரத்தூளும் அதே வேலையைத்தான் செய்யும். சூடான பசைக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: வெயிலில் நிறுத்திய காருக்குள் மதியம் ஒரு மணி நேரம் கிடந்தால் இளகி, ஒட்டியதெல்லாம் சாய்ந்துவிடும்.

3. சுழல்தட்டும் நெம்புகையும்

இரண்டையும் வெட்டுப் பலகையிலிருந்து வெட்டுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக் என்பதால் எண்ணெய் இல்லாமலே துளைகள் சுழலும். அதே காரணத்தால் எந்தப் பசையும் ஒட்டாது; எல்லாமே போல்ட்தான்.

சுழல்தட்டு 46 மி.மீ. வட்டம். நடுவில் கப்ளிங்கை 3 மி.மீ. போல்ட்களால் பிடித்து, மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி 2.2 மி.மீ. துளை. கப்ளிங்கின் சின்னத் திருகு, மோட்டார் அச்சின் தட்டையான பக்கத்தில்தான் உட்கார வேண்டும். உருண்டையான பக்கத்தில் இறுக்கினால் ஐந்து நிமிடம் ஓடிவிட்டு நழுவும்.

நெம்புகையை ஒரே துண்டில் இரண்டு கைகளாக வெட்டுங்கள். மேல்நோக்கிப் போகும் கையில், அச்சுத் துளையிலிருந்து 40 மி.மீ. தள்ளி 2.2 மி.மீ. துளை. முன்னோக்கிப் போகும் கை 7 செ.மீ.; சாப்ஸ்டிக் இதில்தான் உட்காரும். இரண்டு கைக்கும் நடுவில் 125 டிகிரி. அப்போதுதான் விசிறி கிடைமட்டத்துக்கு மேலே 11 டிகிரியிலிருந்து கீழே 33 டிகிரி வரை இறங்கி ஏறும். 90 டிகிரியில் வெட்டினால் விசிறி வானத்துக்கு வீசிக்கொண்டிருக்கும்.

சுழல்தட்டு, பிளைவுட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ நெம்புகையும் அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். தீர்ந்துபோன பேனாவின் வெளிக்குழாயை அந்த நீளத்துக்கு அறுத்து 4 மி.மீ. போல்ட்டில் கோத்தால் போதும். இரு பக்கமும் வாஷர், கடைசியில் நைலாக் நட். நட்டை முழுக்க இறுக்கிவிட்டு, அரைச் சுற்று பின்னால் விடுங்கள். நெம்புகை தன் எடையிலேயே விழ வேண்டும்.

4. ஸ்போக்

இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற பொருள் சைக்கிள் ஸ்போக். 2 மி.மீ. கனம், ஒரு முனையில் தலையோடு வளைந்தே வருகிறது. திருகு உள்ள முனையை நெம்புகையின் துளைக்குள் விட்டு இழுத்தால் வளைவு தானாக உட்கார்ந்துகொள்ளும், சக்கரத்தின் ஹப்பில் உட்காருவது போலவே. வளைவின் நடுவிலிருந்து 82 மி.மீ. அளந்து, இடுக்கியால் மறுமுனையை 90 டிகிரிக்கு வளையுங்கள். வளைத்த காலில் 12 மி.மீ. விட்டு மீதியை வெட்டுங்கள். அதைச் சுழல்தட்டின் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் கனெக்டரின் பித்தளைத் துண்டை மாட்டித் திருகை இறுக்கினால் கழன்று வராது.

வெட்டும்போது துண்டு தெறிக்கும். கண்ணாடி போடுங்கள்.

இப்போது பேட்டரி கொடுக்காமல், சுழல்தட்டைக் கையால் ஒரே ஒரு மி.மீ. அசைத்துப் பாருங்கள், முழுச் சுற்று வேண்டாம். கியரைப் பின்னாலிருந்து திருப்பினால் பல் முறியும். முழு அசைவைப் பார்க்க, ஒற்றை பேட்டரியின் 1.5 வோல்ட்டைக் கொடுத்தால் போதும், மெல்ல நகரும். எங்கே உரசுகிறது என்று அப்போது கண்ணால் பார்க்கலாம்.

5. விசிறி

சாத்தே விசிறியை முழுசாக மாட்டாதீர்கள். மெங்குவாங் (தாழை இன ஓலை) பின்னலை 14 செ.மீ. சதுரமாக வெட்டி, ஓரத்தை நூலால் தைத்து, கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். சமையலறைத் தராசில் 20 கிராமுக்கு மேல் காட்டினால் இன்னும் சிறிதாக்குங்கள். விசிறியின் உள் ஓரம் நெம்புகையின் அச்சிலிருந்து 12 செ.மீ. தள்ளி ஆரம்பிக்கட்டும். மிகக் கீழே இறங்கும்போதும் மூக்குக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு கை விரிப்பு போக வேண்டும்.

சாப்ஸ்டிக்கை நெம்புகையோடு போல்ட் போட்டு இறுக்காமல், டியூபிலிருந்து 1 செ.மீ. அகலத்தில் வெட்டிய நாடாவால் இழுத்துச் சுற்றிக் கட்டுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஏதாவது ஒரு குழந்தை விசிறியைக் கட்டாயம் பிடித்து இழுக்கும். ரப்பர் கட்டு நெகிழ்ந்துகொடுத்தால் கியர் தப்பிக்கும். கடைகளில் விற்கும் மெல்லிய ரப்பர் பேண்ட் உதவாது. நம் வெக்கையில் சில வாரத்தில் பிசுபிசுத்து அறுந்துவிடும். டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். பால்மரம் வெட்டிய ஊரில் இருந்துகொண்டு இயற்கை ரப்பரைக் குறை சொல்வது சங்கடம்தான், என்ன செய்வது?

6. தலையில் ஏற்றுவது

பிளைவுட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு எல் பிராக்கெட். போல்ட்டின் தலை ஓட்டுக்கு உள்ளே, நட் வெளியே. பிராக்கெட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு டியூப் வைத்தால் மோட்டார் சத்தம் மண்டைக்குள் இறங்காது. வைக்காவிட்டால் ஹெல்மெட் ஒரு தவில்.

பேட்டரிப் பெட்டி, பின்பக்கம், ஓட்டின் கடைசியில். விசிறியும் கையும் முன்னால் இழுப்பதை அந்த 60 கிராம் பின்னால் இழுத்துச் சமன் செய்யும். மோட்டாரின் செப்பு முனைகள் காகிதம் மாதிரி பிய்யும். ஒயரை ஈயப்பற்று வைத்த பிறகு பிளைவுட்டோடு ஒரு கேபிள் டையால் கட்டிவிடுங்கள். இழுப்பு அங்கே நின்றுவிடும்.

ஓடவிட்ட பிறகு வரும் கோளாறுகள்

'டொக், டொக்' என்று ஒவ்வொரு வீச்சிலும் சத்தம் வந்தால், எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயும்போது துளைகளின் தளர்வு வெளியே தெரிகிறது என்று பொருள். நெம்புகையின் மேல்முனையிலிருந்து பின்பக்க பிராக்கெட்டுக்கு மெல்லிய டியூப் நாடா ஒன்றை லேசாக இழுத்துக் கட்டுங்கள். தளர்வு ஒரே பக்கம் நிற்கும். கூடவே விசிறியைத் தூக்கும் சுமையும் குறையும்.

விசிறி ஏறும்போது திணறி, இறங்கும்போது ஓடினாலும் அதே நாடாதான் மருந்து. இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். இறங்கும்போது திணறினால் இறுக்கம் அதிகம்.

விசிறி நின்று மோட்டார் மட்டும் ஓடினால் கப்ளிங் திருகு. இரண்டுமே நின்று மோட்டார் சுட்டால் உடனே சுவிட்சை அணையுங்கள். அநேகமாக ஸ்போக் வளைந்து பிளைவுட்டில் உரசுகிறது.

ஒரு மழைக்காலம் போனால் மெங்குவாங் பூசணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள், பேட்டரியைக் கழற்றிய பிறகு.