சுங்கை சிப்புட்டில் ஸ்டூடியோ வைக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, கல்யாணம், பூப்புனித நீராட்டு, தைப்பூசம் என்று படமெடுக்கக் கிளம்பும் பிள்ளைகள் நம் ஊரில் பெருகிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேட்டரியை சார்ஜ் போடு, கார்டை இரண்டு பிரதி எடு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது தெரியாமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

கேமராவைப் பையில் பூட்டிவைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது, பையைத் திறக்க வேலையும் கிடையாது. ஆனியின் கடைசி முகூர்த்தத்தை முடித்த ஒரு தம்பி, வியர்வையும் சாரலும் பட்ட கேமராவை அப்படியே பையில் போட்டு, ஜிப்பை இழுத்து அலமாரியில் வைத்துவிட்டார். கூடவே சப்பாத்துப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். பத்திரத்துக்கு அம்மா வேறு இரண்டு அந்துருண்டை போட்டிருக்கிறார்.

ஆவணி பிறந்ததும் 85 மில்லிமீட்டர் லென்ஸோடு என் கடைக்கு வந்தார். “அண்ணே, குத்துவிளக்குப் பக்கம் திருப்பினாலே படம் வெளிறிப்போகுதுண்ணே.” பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இரவில் இன்னும் ஏறும். 60-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். இருட்டு, அடைசல், ஈரம் குடித்த பஞ்சு எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கின்றன. பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். ஆரம்பத்திலேயே பிரித்துத் துடைத்தால் தப்பலாம். அரித்த பிறகு பூஞ்சை போனாலும் தடம் போகாது. சப்பாத்துப் பெட்டிப் பொட்டலமோ வீடு வந்து சேரும்போதே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். அரிசிக்குள் புதைப்பவர்களும் உண்டு, தூசிதான் மிச்சம்.

டிரை கேபினெட் வாங்குங்கள், உள்ளே ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் மின்சாரப் பெட்டி அது. ஈரப்பதத்தை 40-லிருந்து 50 விழுக்காட்டில் வையுங்கள். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பர் வளையமும் உள்ளே இருக்கும் மசகும் காய்ந்துபோகும். கையில் காசில்லையா, சரி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கிக் காயவைக்க மறக்காதீர்கள். லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளியை எண்ணிக் கொடுத்தவர்கள், அதை வைக்கும் பெட்டிக்கு முனகுவது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஏர்கோன்

18-ல் ஓடும் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் பூத்துவிடும். கிளம்புவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, வெளிச்சூட்டில் அரை மணி நேரம் வைத்த பிறகு பிரியுங்கள். பொண்ணு காரிலிருந்து இறங்கும் நேரத்தில் சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பவர்களை எத்தனையோ மண்டபத்தில் பார்த்தாயிற்று.

சுவர்ச் சாயம்

கிளிப்பச்சைச் சுவர் முகத்திலும் பச்சை அடிக்கும். வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல்.

இடி மழை

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.

இரவல்

“தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போறேன், ஒரே ஒரு நாளைக்குண்ணே” என்பார்கள். திரும்பி வரும் லென்ஸில் தேங்காய்த் தண்ணீர் பிசுபிசுக்கும், வளையத்தைத் திருப்பினால் விபூதி நறநறக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடுங்கள், மாமா மகனாக இருந்தாலும்.