நாக்அவுட் சுண்டெலி: கரு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலும் ஈரோட்டிலும் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் செமினாருக்கு நாக்அவுட் சுண்டெலி ஆய்வுகளை எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு ஜீனை முடக்கிவிட்டுக் கரு எப்படி வளர்கிறது என்று பார்க்கும் முறை இது. இதற்கு வழி போட்ட மரியோ கப்பெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் மருத்துவ நோபல் கிடைத்தது. முறை வலுவானதுதான். முடிவைப் படிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

அதிகம் பார்க்கும் சறுக்கல், மூன்று வாரக் குட்டிகளை மட்டும் எண்ணுவது. தாய், தந்தை இரண்டிலும் ஜீனின் ஒரு பிரதி போயிருந்தால், குட்டிகளில் நாலில் ஒரு பங்கு இரண்டு பிரதியும் இல்லாமல் பிறக்க வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் ‘கருவிலேயே இறக்கிறது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். ஒரே ஈற்றில் எட்டுக் குட்டி போட்டு அதில் ஒன்றுகூட அப்படி அமையாமல் போக, தற்செயலாகவே 100க்கு 10 வாய்ப்பு உண்டு. பிறந்து இறந்த குட்டியைத் தாய் தின்றுவிடுவதும் சகஜம். நாமக்கல் பக்கம் குஞ்சுப் பண்ணைகளில் பொரிக்காத முட்டையை உடைத்து, எந்த நாளில் குஞ்சு நின்றுபோனது என்று பார்ப்பார்கள். மூன்றாம் நாளில் நின்றதற்கும் இருபதாம் நாளில் நின்றதற்கும் காரணம் வேறு. சுண்டெலிக்கும் அப்படித்தான்: பிறப்புக்கு முந்தைய நாளில் தொடங்கிப் பின்னோக்கிப் போய், எந்த நாள் வரை கரு உயிரோடிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த நாள் கணக்கும் கவனமாக வேண்டும். இணை சேர்ந்ததற்கு அடையாளமாகப் பெண் எலியின் பிறப்புறுப்பில் இருக்கும் அடைப்பு காலையில் தெரிந்தால், அன்று மதியத்தை 0.5 நாள் என்று வைப்பது வழக்கம். மொத்தக் கர்ப்பமே 19, 20 நாள்தான். ஒரே வயிற்றில் இருக்கும் கருக்களே கொஞ்சம் முன்பின்னாக வளரும். அதனால் தேதியை மட்டும் நம்பாமல் முதுகோரம் வரிசையாக இருக்கும் சோமைட்டுகள் என்ற திசுக் கட்டிகளை எண்ணிப் பாருங்கள். இல்லாவிட்டால் வளர்ச்சி தாமதப்பட்ட கருவை, உறுப்பு உருவாகாத கரு என்று தவறாக எழுத நேரும்.

எந்தக் கருவில் ஜீன் இல்லை என்று அறிய டிஎன்ஏ எடுக்கும்போது, கருவைச் சூழ்ந்திருக்கும் யோக் சாக் சவ்வில் தாயின் திசு துளி ஒட்டியிருந்தாலும் போதும், டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் சோதனை அதையும் பெருக்கிக் காட்டும். தாயிடம் நல்ல பிரதி ஒன்று இருப்பதால், இரண்டு பிரதியும் இழந்த கரு ஒரு பிரதி இழந்ததாகத் தெரியும். தேடிய கருவே கைக்குள் இருந்தும் கணக்கில் வராது. சவ்வை நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள்.

அப்புறம், ‘ஒன்றும் ஆகவில்லை, எனவே ஜீன் தேவையில்லை’ என்ற அவசரம். மையோடி ஜீன் தசை உருவாக்கத்துக்கு முக்கியம் என்று நினைத்திருந்தார்கள். 1992இல் அதை நீக்கியும் எலிகளுக்குத் தசை சரியாக இருந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு தசை ஜீனான மிஃப்5-ஐயும் சேர்த்து நீக்கியபோது எலும்புத் தசையே உருவாகவில்லை. ஒன்றின் வேலையை மற்றது பார்த்துக்கொண்டிருந்தது. இதே மிஃப்5 இன்னொரு பாடமும் தந்தது. அதை மட்டும் நீக்கிய முதல் எலிகளில் விலா எலும்பு குறைபட்டிருந்தது. 2000இல் வேறு விதமாக நீக்கிப் பார்த்தால் விலா நன்றாகவே இருந்தது. முதல் எலிகளில் ஜீனை முடக்கச் செருகிய டிஎன்ஏ துண்டு பக்கத்து ஜீன்களைப் பாதித்திருக்க வேண்டும் என்பதே விளக்கம். எனவே ஒரே வகை நீக்கத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லாதீர்கள்.

நஞ்சுக்கொடியைத் தூக்கிப் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. புற்றுக்கட்டி வராமல் தடுக்கும் ஆர்பி ஜீன் இல்லாத கருக்கள் பிறப்புக்கு முன்பே இறந்துவிடும். மூளையும் ரத்தமும் கெட்டிருக்கும். 2003இல் அதே கருவுக்கு நல்ல நஞ்சுக்கொடி அமையச் செய்தபோது, பிறக்கும் வரை தாங்கியது, அந்தக் கோளாறுகளில் பலவும் நீங்கின. கருவோடு நஞ்சுக்கொடியையும் எடுத்து வெட்டிப் பாருங்கள்.

எலியின் வம்சமும் விடையை மாற்றும். செல்லுக்கு வளர்ச்சிச் செய்தியை வாங்கித் தரும் ஈஜிஎஃப்ஆர் ஜீன் இல்லாத எலிகள், ஒரு வம்சத்தில் கருப்பையில் பதியும் சமயத்திலேயே இறந்தன, இன்னொன்றில் கர்ப்பத்தின் நடுவில், வேறொன்றில் பிறந்து மூன்று வாரம் வரை வாழ்ந்தன. 1995இல் வந்த முடிவு இது. ஒப்பிட வெளியிலிருந்து வாங்கிய எலியை வைக்காமல், அதே ஈற்றில் பிறந்த, ஜீன் முழுசாக இருக்கும் உடன்பிறப்பையே வையுங்கள்.