நாடக நடிகையின் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த நடிகைகளைப் பற்றி எழுத ஆசைப்படும் இளைஞர்கள் அவ்வப்போது வரைவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அண்மையில் வந்தவற்றில் பாதிக்கு மேல் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றியவை. தொடக்க காலத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, படத்தின் ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றைப் பேசப்போவதில்லை. அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள்.

நாடகத்தை இரண்டு வரியில் தாண்டுவது

"சிறு வயதிலேயே நாடகங்களில் நடித்துப் புகழ் பெற்றார். பின்னர் திரையுலகில் நுழைந்தார்." இந்த இரண்டு வரியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கே.பி.எஸ். பிறந்தது 1908-ல். முதல் படமான 'நந்தனார்' வந்தது 1935-ல். அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். எல்லா வரைவிலும் இந்தத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒரு படத்தில்கூட நடித்திராத பெண்ணுக்கு அவ்வளவு பணம் கொடுக்க ஒருவர் ஏன் முன்வந்தார் என்று மட்டும் எவரும் எழுதுவதில்லை. பதில் முழுக்க மேடையில்தான் இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் எட்டிய குரல் அது. இலங்கையிலும் கூட்டம் சேர்த்த குரல். நந்தனாராக ஒரு பெண் ஆண் வேடம் கட்டியதைச் சினிமாவின் விந்தைபோல எழுதுகிறார்கள். ராஜபார்ட்டில், அதாவது கதாநாயகன் வேடத்தில், பெண்கள் நிற்பது மேடைக்கு அப்போதே பழகிய விஷயம்.

ஸ்பெஷல் நாடகம் நடக்கும் விதம் தெரியாமல் இதை எழுத முடியாது. அது நிரந்தரக் கம்பெனி அல்ல. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு மேல் தர்க்கமும் பாட்டுப் போட்டியும் மேடையிலேயே பிறக்கும். எதிரில் நிற்பவர் எந்தச் சுதியில் எடுப்பார், எங்கே மடக்குவார் என்று தெரியாமல் விடிய விடிய ஈடுகொடுக்க வேண்டும். பின்னர் தன் கணவரான செங்கோட்டை கிட்டப்பாவுக்கு எதிரே அப்படி நின்று பாடியவர் சுந்தராம்பாள். இதை விட்டுவிட்டு அவரை எப்படி எழுதுவது?

இந்தத் தவறுக்கு விலை அதிகம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'ஔவையார்' படத்தை அடுத்த வருஷமும் பார்க்கலாம். மேடையைப் பார்த்தவர்கள் அதுவரை இருக்கமாட்டார்கள். பிற்காலத்து நடிகை ஒருவரைப் பற்றி எழுதிய ஒரு தம்பியோடு, அவருக்கு வாசித்த ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். இருந்த நேரமெல்லாம் தம்பி சினிமாவைப் பற்றியே கேட்டான். எந்த ஹீரோவோடு நடித்தார், படப்பிடிப்பில் எப்படி இருப்பார் என்று. பெரியவருக்கு அதில் என்ன தெரியும்? கேள்விக்குக் கேள்வி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வலது கை விரல்கள் மட்டும் தொடைமேல் ஆர்மோனியக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தன. கிளம்பும்போது அவராகவே சொன்னார்: "அம்மாவுக்கு அஞ்சரைக் கட்டை சுதி, தம்பி. விடியக்காலம் மூணு மணிக்கும் சுதி இறங்காது. எனக்குத்தான் கை ஓய்ந்துபோகும்." தம்பி புகைப்படம் எடுத்துக்கொண்டு, நாடகத்தைப் பற்றி இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். அடுத்த தை மாதம் பெரியவர் காலமாகிவிட்டார். அந்தக் கட்டுரையில் படங்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அந்த அம்மாள் மேடையில் எப்படி நின்றார் என்று சொல்ல அந்த வாசற்படிப் பேச்சு ஒன்றுதான் மிச்சம். எத்தனை இரவுகளின் கதை அந்த வீட்டோடு போனது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால் முதலில் போக வேண்டியது ஆர்மோனியம், மிருதங்கம் வாசித்தவர்களிடம், பபூன் வேடம் கட்டியவர்களிடம். படங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டீஸில் ஆண்டு தேடுவது

பழைய நாடக நோட்டீஸ்களில் கிழமை இருக்கும், தேதி இருக்கும், இரவு ஒன்பதரை மணி என்று இருக்கும். ஆண்டு இல்லாமல் போவது சகஜம். உத்தேசமாக ஓர் ஆண்டை எழுதிவிடாதீர்கள். கிழமையையும் தேதியையும் பழைய பஞ்சாங்கத்தில் பொருத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும். உடன் நடிப்பவர்களின் பெயரை வைத்து மேலும் குறுக்கலாம். தமிழ் வருஷப் பெயர் இருந்தால் எச்சரிக்கை தேவை. பிரபவ 1927-லும் வந்தது, 1987-லும் வந்தது.

இசைத்தட்டை வைத்து மேடையை அளப்பது

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்காகச் சுருக்கிப் பாடியதைக் கேட்டுவிட்டு, மேடையிலும் இப்படித்தான் பாடினார் என்று எழுதக்கூடாது. அங்கே ஆலாபனை உண்டு, 'ஒன்ஸ்மோர்' உண்டு.

கணவர் கதையிலேயே நின்றுவிடுவது

1927-ல் திருமணம், 1933-ல் கிட்டப்பா மறைவு. சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். வெள்ளைப் புடவையைப் பற்றி மூன்று பக்கம் எழுதுபவர்கள், காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடிய பாட்டுக்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும்.

ஔவை படங்களைக் குழப்புவது

'ஔவையார்' 1953, 'திருவிளையாடல்' 1965, 'கந்தன் கருணை' 1967. மூன்றிலும் அவர் ஔவை. பின்னிரண்டும் வண்ணப் படங்கள் என்றாலும், பத்திரிகையில் கறுப்பு வெள்ளையில் அச்சான புகைப்படத்தில் அது தெரியாது. முகத்தில் வயதையும் பக்கத்தில் நிற்பவரையும் பாருங்கள்.

மேலவை

1951-ல் அவர் போனது சட்ட மேலவைக்கு. பேரவைக்கு அல்ல.

தேசிய விருது

'துணைவன்' படத்துக்காக. பின்னணிப் பாடகி விருது, நடிகை விருது இல்லை.

நேரம் தெரியாமல் போய் நிற்பது

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தாயிடமும் பாட்டியிடமும் கேட்ட மேடைக் கதைகள் அவர்களிடம் நிறைய உண்டு. பங்குனி, சித்திரையில் திருவிழா நாடகங்களுக்கு ஊர் ஊராகப் போய்விடுவார்கள், பிடிக்க முடியாது. மார்கழியில் போங்கள். சீசனில்தான் போயாக வேண்டும் என்றால் காலையில் கதவைத் தட்டாதீர்கள். விடியும்போது வேஷம் கலைத்து, பஸ் பிடித்து வந்து அப்போதுதான் படுத்திருப்பார்கள். சாயங்காலம் அடுத்த ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும்.