சீட்டாட்டம் விளையாட்டா? எட்டு உறைகளில் ஒரு சோதனை

எங்கள் குடியிருப்பின் விளையாட்டு விழாப் பட்டியலில் கேரம் இருந்தது, சதுரங்கம் இருந்தது, கரண்டியில் எலுமிச்சையை ஏந்தி ஓடுவதுகூட இருந்தது. சீட்டாட்டத்தையும் சேருங்கள் என்று கேட்டேன். "அது அதிர்ஷ்டம் சார், விளையாட்டு இல்லை" என்றார் செயலாளர். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் என்ற, ஜோடியாக ஆடும் சீட்டாட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்ததைச் சொன்னேன். பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, அவருடைய கூட்டாளி சிப்நாத் சர்க்காருக்கு 56. செயலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். 34 ஆண்டுகள் தபால் பிரித்தவன் நான். வாதாடுவதைவிட உறைகளை எடுத்து வேலையைத் தொடங்குவது எனக்குச் சுலபம்.

அதிர்ஷ்டத்தை ஒழிக்க முடியாது. ஆனால் ஒருவருக்கு வந்த அதே சீட்டை இன்னொருவருக்கும் கொடுத்துப் பார்க்கலாம். பிரிட்ஜ் போட்டிகளில் நடப்பது இதுதான். வீட்டில் செய்ய எட்டுப் பேர், இரண்டு மேசைகள், எட்டுச் சீட்டுக்கட்டுகள், எட்டுப் பெரிய உறைகள், 32 சிறிய உறைகள் போதும்.

முதல் வேலையை விளையாடாத ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் என் மனைவி செய்தார். அவருக்குச் சீட்டு என்றாலே பிடிக்காது, ஆகவே நம்பிக்கைக்கு உரியவர். ஒவ்வொரு கட்டையும் நன்றாகக் கலைத்து, 13 சீட்டுகளாக நான்கு பங்கு போட்டு, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எழுதிய சிறிய உறைகளில் இட்டு, நான்கையும் எண் போட்ட பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். ஏஸுக்கு 4 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. மொத்தம் 40 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. வடக்கு-தெற்கு ஜோடிக்கும் கிழக்கு-மேற்கு ஜோடிக்கும் தலா 20 என்று சமமாக வந்தால் மறுபடியும் கலைக்க வேண்டும்.

எட்டுப் பேரை மாடிக்காரர்கள், கீழ்வீட்டுக்காரர்கள் என இரண்டு அணிகளாகப் பிரித்தேன். கூடத்து மேசையில் மாடி அணியின் ஒரு ஜோடி வடக்கு-தெற்கு, கீழ்வீட்டு ஜோடி கிழக்கு-மேற்கு. தாழ்வார மேசையில் அப்படியே தலைகீழ். கூடத்தில் முதல் நான்கு உறைகளை ஆடும்போது தாழ்வாரத்தில் ஐந்து முதல் எட்டு வரை. பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரிட்ஜில் ஆட்டத்துக்கு முன் நடக்கும் ஏலத்தைக் கற்க மாதங்கள் ஆகும், அதை விட்டுவிடுங்கள். ஆளுக்கு எத்தனை புள்ளி என்று நால்வரும் சொல்லட்டும். அதிகப் புள்ளி உள்ள ஜோடியில், அதிகப் புள்ளி உள்ளவர் ஆட்டத்தை நடத்துவார். ஜோடிக்குள் சமம் என்றால் வடக்கு அல்லது கிழக்கு. எதிரே இருக்கும் கூட்டாளி தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டுக் கைகட்டி உட்கார வேண்டும். அதைப் பார்த்துத் துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) எது, அல்லது துருப்பே வேண்டாமா என்று ஆட்டத்தை நடத்துபவர் முடிவு செய்யலாம். முதல் சீட்டை இறக்குவது அவருடைய இடப்பக்கத்துக்காரர்.

இனி, பழக்கத்தை மாற்ற வேண்டிய இடம். சீட்டை நடுவில் வீசக் கூடாது. அவரவர் முன்னால் வைக்க வேண்டும். பிடி, அதாவது ஆளுக்கொரு சீட்டு இறங்கும் சுற்று, முடிந்ததும் உங்கள் சீட்டைக் கவிழ்த்து, உங்கள் ஜோடி ஜெயித்திருந்தால் நெடுக்காகவும், தோற்றிருந்தால் குறுக்காகவும் அடுக்குங்கள். 13 பிடிகளும் முடிந்தபின் நெடுக்காக இருப்பவற்றை எண்ணி, வடக்கு-தெற்கு எத்தனை எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பிறகு அவரவர் 13 சீட்டுகளையும் லேசாகக் கலைத்து உறையில் இட வேண்டும். கலைக்காவிட்டால் அடுத்தவருக்கு வரிசையே கதை சொல்லிவிடும்.

பேச்சு கூடாது. இருமலும் புருவமும்கூட. பெரிய சர்வதேசப் போட்டிகளில் கூட்டாளிகள் முகம் பார்க்காதபடி மேசையின் குறுக்கே தடுப்பே வைக்கிறார்கள். டீயை எட்டு உறையும் முடிந்தபின் கொடுங்கள். நடுவில் கொடுத்தால் சமையலறை வாசலில் ரகசியம் உடையும்.

கடைசியில் இரண்டு துண்டுச் சீட்டுகளையும் அருகருகே வையுங்கள். எங்கள் ஐந்தாம் உறை இது: தெற்கில் என் மைத்துனர், துருப்பு ஸ்பேடு, 8 பிடிகள். "சீட்டே வரவில்லை" என்றார். முப்பது வருடமாக அதையே சொல்கிறார். அதே சீட்டில் தாழ்வாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அதே ஸ்பேடைச் சொல்லி 10 எடுத்திருந்தார். விரித்த சீட்டில் டைமன் ஒன்றுதான் இருந்தது. அவர் ஒரு டைமனை விட்டுக்கொடுத்து, மீதி இரண்டை அங்கிருந்த துருப்பால் வெட்டிவிட்டார். மைத்துனரோ முதல் வேலையாக மூன்று சுற்று ஸ்பேடு இறக்கி, வெட்ட வேண்டிய துருப்பையெல்லாம் தானே காலி செய்திருந்தார்.

எட்டு உறைகளில் அதிர்ஷ்டம் முழுக்கக் கரைந்துவிடாது. ராஜா எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகிக்கும் இடங்கள் இருக்கத்தான் செய்யும். 24 உறைகள் ஆடினால் இன்னும் கொஞ்சம் நம்பலாம்.

ரம்மியையும் இப்படிச் சோதிக்கலாமா என்று கேட்டார்கள். ஒருவர் எடுப்பதும் கழிப்பதும் அடுத்தவருக்கு வரும் சீட்டையே மாற்றிவிடுவதால் ஒப்பிடுவது கடினம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூன்று சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. ஆனால் அங்கே கேள்வி சூதாட்டமா என்பதுதான், விளையாட்டா என்பதல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம், உடல் உழைப்பு போதாது என்று வரிச் சலுகை வழக்கில் பிரிட்ஜை விளையாட்டாக ஏற்க மறுத்தது. மறுபக்கம் ஊக்கமருந்து சோதனையில் சிக்கிய நார்வே பிரிட்ஜ் வீரர் ஒருவருக்கு 2019இல் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. சீட்டுப் பிடிக்கிறவருக்கும் மருந்துச் சோதனை!

செயலாளர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆடினார். பட்டியலைப் பற்றி இன்னும் பேசவில்லை. இப்போது என்னிடம் ஏழு உறைகளே இருக்கின்றன. ஐந்தாம் உறையை மைத்துனர் வீட்டுக்கு எடுத்துப் போனவர், திருப்பித் தரவில்லை.