கன்னி, சிப்பிப்பாறை நாய் வளர்க்க ஆசையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் தாத்தா வேட்டைக்காரர். வீட்டில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. காட்டுப்பன்றி கடலைக்காட்டில் இறங்கினால்தான் அதை எடுப்பார். முயலுக்கு ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. "மருந்துக்கு ஆகுற காசு முயல்ல தேறாதுடா" என்பார். முயலுக்கு நாய்தான். விடியும் முன்பே இரண்டு கன்னி நாய்களைக் கூட்டிக்கொண்டு அவர் புறப்படும்போது பின்னாலேயே ஓடியிருக்கிறேன்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் அதைத் திருத்தியபோது, உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. தாத்தா காலத்துக்குப் பிறகு துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். நாய்கள் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன. ஐம்பது வருடமாக இந்த நாய்களோடுதான் இருக்கிறேன். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதிலிருந்து குட்டி கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வாங்கிப் போனவர்களில் பலர் ஆறே மாதத்தில் "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குதுண்ணே" என்று போன் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாப்ரடாரைப் போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. லாப்ரடார், பாயின்டர், ஸ்பேனியல் எல்லாம் துப்பாக்கிக்காரனுக்கு உதவியாக இருக்க உண்டான நாய்கள். மனிதன் சுடுவான், விழுந்த வாத்தை நாய் எடுத்து வரும். வெடிச் சத்தத்துக்கு மிரளாமல் பக்கத்திலேயே நின்று, எசமானின் குரலையும் கையையும் கவனிப்பதுதான் அதற்கு வேலை. தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் உள்ள நாய்களாகப் பார்த்துத்தான் இணை சேர்த்தார்கள்.

கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் வேட்டையாடுபவை. கிரேஹவுண்ட், சலூக்கி, கர்நாடகத்து முதோல் எல்லாம் இந்த வகைதான். முயல் புதரை விட்டுப் பாய்ந்ததும் நாய் பார்க்கும், கிளம்பும். அடுத்த நிமிடம் அது இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும். முயல் திரும்பும்போது தானும் திரும்ப வேண்டும், எந்தப் பக்கம் மறிக்க வேண்டும் என்று தானே முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில் எசமானின் குரலுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நம் முகத்தைப் பார்க்கும் நாய் முயலைப் பிடிக்காது. அதனால் தானாக முடிவெடுக்கும் நாயைத்தான் நம் ஊர்க்காரர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது அதே நாயைக் கொண்டுபோய்ப் பந்தைப் போட்டு "எடுத்து வா" என்றால் என்ன செய்யும்? ஒரு தடவை ஓடும். இரண்டாம் தடவை நம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அது மந்தம் என்று நினைத்து அடிக்கிறார்கள். இந்த நாயை அடித்துப் பழக்கவே முடியாது. ஒரு தடவை அடிவாங்கினால் மாதக்கணக்கில் கைக்கு எட்டாமல் சுற்றும். அவித்த ஈரல் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பழக்குங்கள், அது சலிக்கும் முன் நிறுத்துங்கள். பெயர் சொன்னால் வருவது ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் மெதுவாக வரும்.

அந்தப் பழக்கமும் ஓட்டத்தின் நடுவில் உதவாது என்பதை மறந்துவிடக் கூடாது. முப்பது வயதில் நான் செய்த தவறு இது. நன்றாகப் பழகிய ஆண் நாய், கூப்பிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் சாலையோரத்தில் வாரைக் கழற்றினேன். எதிர்ப்பக்கம் ஒரு பூனை ஓடியது. நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாய் லாரிக்கு அடியில் இருந்தது. வேலியில்லாத இடத்தில் அதற்குப் பிறகு எந்த நாயையும் நான் அவிழ்த்துவிட்டதில்லை. பக்கத்து வீட்டுக் கோழி, மேய்ச்சலாட்டுக் குட்டி எல்லாமே இதன் கண்ணுக்கு ஓடுகிற பொருள்தான். ஓடவிட வேண்டும் என்றால் சுற்றிலும் ஆறடி வேலி உள்ள தோப்பைத் தேடுங்கள்.

கழுத்துப் பட்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அதற்கு ஈடாகத் தடிமன். கடையில் கிடைக்கும் சாதாரணப் பட்டை பின்பக்கமாக இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். நான்கு விரல் அகலத்துக்கு, இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகும் பட்டையாகத் தைத்துக் கொள்ளுங்கள். செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்தால் செய்து கொடுப்பார்.

விலா எலும்பு தெரிகிறதே என்று கொட்டிக் கொடுப்பது

நகரத்தில் இந்த நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தால் நாலு பேராவது "சோறே போடுறதில்லையா?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து சோறும் பாலும் பிஸ்கட்டுமாகக் கொடுத்து உருண்டையாக்கி விடுகிறார்கள். நெஞ்சு ஆழமாகவும் வயிறு முதுகோடு ஒட்டினாற்போலவும் இருப்பதுதான் இதன் கட்டு. வளர்ந்த நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிந்தால் சரியான எடை என்று அர்த்தம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, முதுகுத்தண்டு சீப்புப் பல் மாதிரி தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதலில் குடற்புழுவைப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் கம்பங்கூழும் சோளக்கஞ்சியும் ஊற்றித்தானே வளர்த்தார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாய் முயலின் குடலையும் தலையையும் தின்றது, காட்டில் எலி பிடித்தது. வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் குட்டிக்கு வெறும் கூழ் ஊற்றினால் கால் வளைந்துவிடும். முட்டை, அவித்த கோழி, ஈரல், மீன் என்று ஏதாவது தினமும் வேண்டும். வேகவைத்த எலும்பைப் போடாதீர்கள். அது ஈட்டி மாதிரி பிளந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. அதனால் குழம்புச் சோறும் வேண்டாம்.

தின்றதும் ஓடவிடக் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், வயிறு மேளம் மாதிரி ஆகிவிட்டால் காத்திருக்க நேரமில்லை, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

வெயிலில் ஓட்டுவது

தாத்தா வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். இன்று அலுவலகம் முடிந்து நாலு மணிக்கு, தார்ச் சாலையில், பைக்கில் உட்கார்ந்தபடி நாயை இழுத்து ஓட்டுகிறார்கள். பார்க்கவே பதறுகிறது. இந்த நாய் குறுகிய தூரத்தில் முழு பலத்தையும் கொட்டும் நாய். நெடுந்தூரம் சீராக ஓடும் குதிரை இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி இளைப்பதுதான் அது சூட்டை வெளியேற்றும் வழி. உடல்சூடு சாதாரணமாக 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தள்ளாட்டம், கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு எல்லாம் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கொஞ்சம் ஆறியதும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முயல் பிடிக்குமா என்று சோதித்துப் பார்ப்பது

இதில் எனக்குக் கோபமே வரும். குட்டி வாங்கிய இளைஞர்கள் "ரத்தம் பார்த்தாத்தான் நாய்" என்று இரவில் டார்ச் அடித்துக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நாயை விட்டுத் துரத்துவது, விரட்டுவது, பொறி வைப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வதுகூட வேட்டைதான். முயல் தப்பித்தாலும் குற்றம் குற்றம்தான்; வண்டியும் பறிமுதலாகும்.

சட்டத்தை விடுங்கள். நான் சின்ன வயதில் பார்த்த கரிசலில் ஒரு காலைக்குள் ஏழெட்டு முயல் கண்ணில் படும். இப்போது அதே காட்டில் வாரக்கணக்கில் நடந்தாலும் ஒன்றைப் பார்ப்பது அரிது. மேய்ச்சல் நிலம் போயிற்று, வயலெல்லாம் பூச்சிமருந்து. இருக்கிற நாலையும் துரத்தினால் மிச்சம் என்ன இருக்கும்? வேட்டையோடு வளர்ந்தவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நாய்க்கு வேண்டியது ஓட்டம். நீளமான கயிற்றின் நுனியில் கோணித் துண்டையோ பாலித்தீன் பையையோ கட்டி, மறுமுனையைப் பழைய சைக்கிள் சக்கரத்தில் சுற்றி வேகமாக இழுங்கள். உயிருள்ளதைப் போல அது துள்ளும். நாய் பறந்து வரும். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு மூன்று நான்கு ஓட்டம் போதும்.

குட்டி வாங்கும்போது ஏமாறுவது

கன்னியும் சிப்பிப்பாறையும் உடல் கட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். கருப்பு உடலில் கண்ணுக்கு மேலும் காலிலும் பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி என்பார்கள். செவலை, சாம்பல் எல்லாம் சிப்பிப்பாறை. கல்யாணத்தின்போது மணப்பெண்ணோடு கொடுத்து அனுப்பியதால் கன்னி என்று பெயர் வந்ததாக எங்கள் பக்கம் சொல்வார்கள். ராஜபாளையமும் கோம்பையும் வேறு வகை. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருந்த கனத்த நாய்கள். காவலுக்கு ஆள் வேண்டும் என்றால் கன்னியை வாங்கிவிட்டுக் குறை சொல்லாதீர்கள்.

வேகம் கூடும் என்று கிரேஹவுண்டோடு கலந்த குட்டிகளை நாட்டு நாய் என்று விற்கிறார்கள். பந்தயக்காரர்களுக்கு அது சரியாக இருக்கலாம், ஆனால் நாம் காப்பாற்ற நினைக்கும் இனம் அதில் கரைந்துபோகிறது. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: கலப்பு வந்துவிடக் கூடாது என்று ஒரே ஈத்துக் குட்டிகளையே இணை சேர்க்கிறார்கள். தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிறப்பா என்று கேளுங்கள்.

ராஜபாளையம் வாங்குபவர்கள் காதைச் சோதிக்க வேண்டும். வெள்ளை ரோமம், ரோஸ் மூக்கு என்று அழகு பார்த்து வாங்குகிறோம். அந்த வெண்மைக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது. உள்காதில் நிறம் தரும் செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும். குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். மற்றவை தூங்கும்போது தனியாகச் செய்து பார்ப்பது நல்லது, ஒன்று எழுந்தால் எல்லாம் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பித்துவிடும். அதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை உண்டு. செவிட்டு நாயை அன்பாக வளர்க்கலாம், இணை மட்டும் சேர்க்கக் கூடாது.

முப்பது நாள் குட்டியை விற்கிறார்கள், வாங்காதீர்கள். எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்தால்தான் கடிக்கும் அளவு தெரியும். தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். நாட்டு நாய்க்கு ஊசி தேவையில்லை என்பது பச்சைப் பொய். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஒரே வாரத்தில் ஐந்து குட்டிகளைப் புதைத்திருக்கிறேன். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி செத்த வீட்டில் உடனே அடுத்த குட்டியை விடாதீர்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது

அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனால், இது கிரேஹவுண்ட் வகை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் போன்ற சில பழைய மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களின் உடலை விட்டு இறங்க நேரமாகும், எழுந்திருக்க நெடுநேரம் எடுக்கும். தெரிந்த மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார். மயக்கம் தெளியும்வரை போர்த்தி வைப்பது முக்கியம், சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

உண்ணிக்கு வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவுவது எங்கள் பக்கம் இன்னும் நடக்கிறது. மண்ணெண்ணெய், பழைய இஞ்சின் ஆயில் என்றும் பூசுகிறார்கள். மெல்லிய தோல் வழியாக எல்லாம் உள்ளே இறங்கும், பிறகு நக்கவும் செய்யும். நாய்க்கென்றே இருக்கும் மருந்தை எடை பார்த்துப் போடுங்கள். உண்ணி கடித்த நாய் சோறு எடுக்காமல், காய்ச்சலோடு, ஈறு வெளுத்துக் கிடந்தால் ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும்.

அப்புறம் படுக்கை. காவல் நாயைப் போலச் சங்கிலியில் நாள் முழுக்கச் சிமென்ட் தரையில் கட்டிப்போடுகிறார்கள். மேலே சதை இல்லாத மூட்டு; முழங்கை காய்த்துப் பிறகு புண்ணாகும். இரண்டு கோணிச்சாக்கைப் போட்டு நடுவில் பழைய துணியைத் திணித்தால் போதும். மார்கழி, தை மாதத்தில் மேலே ஒரு போர்வையும் வேண்டும்.