முதல் ஃபெசன்ட் வேட்டைக்கு எந்த ஷாட்கன், எந்தத் தோட்டா?

ஃபெசன்ட் என்பது காட்டுக்கோழி போன்ற, நீண்ட வால் கொண்ட பறவை. நான் சுட்ட முதல் ஃபெசன்ட் சேவல் என் கைக்கு வரவில்லை. வானில் எறியும் களிமண் தட்டுகளைக் குறிவைத்துச் சுட்டுப் பழகியபோது மிஞ்சிய, பொடிக் குண்டுகள் கொண்ட எட்டாம் நம்பர் தோட்டாக்களைத்தான் அன்று எடுத்துப் போயிருந்தேன். சுமார் 35 கஜ தூரத்தில் அடிபட்ட சேவல், காலைத் தொங்கவிட்டபடி இறங்கி, கோரைக்குள் ஓடி மறைந்தது. நண்பரின் லாப்ரடார் முக்கால் மணி நேரம் மோப்பம் பிடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. காயத்தோடு அது எங்கோ ஒடுங்கிக் கிடக்கும் என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் எந்த கம்பெனித் துப்பாக்கி நல்லது என்று கேட்கிறார்கள். அதன் குழலிலிருந்து என்ன வருகிறது, எப்படிப் பரவுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பறவை துடிக்காமல் விழுவது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவை வைத்து. ஃபெசன்ட் அங்கே பூர்வீகப் பறவை இல்லை, சீனாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. முதல் வேட்டைக் காலம் 1919-ல் ஸ்பிங்க் கவுண்டியில் ஒரே ஒரு நாள் நடந்தது. 1943-ல் அதுவே மாநிலப் பறவையாகிவிட்டது. (இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காடை, கௌதாரி சுடுவதும் குற்றம். ஊருக்குப் போகும்போது இந்த ஆசையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.)

படி 1: முதலில் காகிதம்

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு, சிறுவிலங்கு வேட்டை உரிமம் வாங்குங்கள். வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். உங்களைப் போன்றவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் வருவதற்கு முன் நண்பரின் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதுகூட வேண்டாம்.

படி 2: துப்பாக்கி

ஷாட்கன் குழலின் அளவை கேஜ் என்பார்கள், நம் ஊரில் போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 12 கேஜ் குழலின் விட்டம். அதனால் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

தொடங்குகிறவருக்கு 12 கேஜ்தான் என் பரிந்துரை. தோட்டா எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், லேசானது முதல் கனமானது வரை தேர்ந்தெடுக்கலாம். பணம் அதிகம் போட வேண்டாம் என்றால் பம்ப் வகை (முன்கட்டையைப் பின்னும் முன்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) ரெமிங்டன் 870. 1950-லிருந்து வரும் துப்பாக்கி அது, பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். இடது கைக்காரர்களுக்கு பிரௌனிங் பிபிஎஸ் வசதி. வெற்றுத் தோட்டா கீழ்ப்பக்கமாக விழும், சேஃப்டியும் (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) மேலே கட்டைவிரலுக்கு நேராக இருக்கும்.

எனக்குப் பிடித்தது மேலும் கீழுமாகக் குழல் வைத்த 20 கேஜ் பிரௌனிங் சிடோரி. எடை சுமார் 3 கிலோ. ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் புல்லுக்குள் நடக்கும்போது அரைக் கிலோ வித்தியாசம் மாலையில் தோளில் தெரியும். குழலை மடக்கினால் காலியா இல்லையா என்று பக்கத்தில் வருகிறவருக்கும் தெரியும். அதுதான் எனக்கு இதில் பெரிய நிம்மதி.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். துப்பாக்கி காலி என்று கடைக்காரரோடு சேர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணை மூடி, துப்பாக்கியைக் கன்னத்துக்கு உயர்த்தித் தோளில் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன மணி நேராகத் தெரிகிறதா? கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பொருந்தவில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

படி 3: தோட்டா

இங்கேதான் நான் தவறு செய்தேன். ஷாட்கன் தோட்டாவுக்குள் இருப்பவை சிறு குண்டுகள், ஊரில் பால்ரஸ் என்பார்களே அதேதான். நம்பர் கூடினால் குண்டு சிறுக்கும். எட்டாம் நம்பர் குண்டு சுமார் 2.3 மில்லிமீட்டர், ஐந்தாம் நம்பர் சுமார் 3 மில்லிமீட்டர். எட்டாம் நம்பர் காடைக்கும் தட்டுக்கும் சரி. ஃபெசன்ட் சேவலின் அடர்ந்த இறகையும் தசையையும் தாண்டி உள்ளுறுப்புக்குப் போக, தூரத்தில் அதற்கு வேகம் மிஞ்சாது.

ஈயம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நான் போடுவது: 12 கேஜில் ஒன்றேகால் அவுன்ஸ், அதாவது சுமார் 35 கிராம், ஐந்தாம் நம்பர். 20 கேஜில் ஒரு அவுன்ஸ், ஆறாம் நம்பர். க்ரவுஸ் பறவைக்கு ஏழரை நம்பர் போதும்.

நீர்ப்பறவைகளுக்காகக் கூட்டாட்சி அரசு பராமரிக்கும் நிலங்களில் ஈயத்துக்கு அனுமதி இல்லை, ஃபெசன்ட் வேட்டைக்கும் அங்கே எஃகுக் குண்டுதான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்குமே ஈயம் தடை. எஃகு லேசானது என்பதால் இரண்டு அளவு பெரிதாகப் போக வேண்டும். ஆறுக்குப் பதில் நாலு, ஐந்துக்குப் பதில் மூன்று. தாத்தா காலத்துத் துப்பாக்கியில் எஃகு போடுவதற்கு முன் விசாரியுங்கள். பெல்ஜியத்தில் செய்த பழைய ஆட்டோ-5 என்ற பிரௌனிங் ஷாட்கன் குழல்களில் எஃகு சுடக்கூடாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

தோட்டாவின் நீளமும் குழலில் பொறித்திருப்பதும் ஒத்துப்போக வேண்டும். இரண்டேமுக்கால் அங்குலக் குழலில் மூன்று அங்குலத் தோட்டா கூடாது. அப்புறம், 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. தவறி 12 கேஜில் போட்டால் அது வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்துப் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டு அளவுத் தோட்டாவையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள்.

படி 4: தாளில் சுட்டுப் பாருங்கள்

குழல் வாயின் குறுக்கத்துக்கு சோக் என்று பெயர். இம்ப்ரூவ்டு சிலிண்டர் விரிவாகப் பரப்பும், மாடிஃபைடு கொஞ்சம் இறுக்கும், ஃபுல் இன்னும் இறுக்கும். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் மாடிஃபைடு சுமார் 60 சதவீதக் குண்டுகளைப் போட வேண்டும் என்பது கணக்கு. ஒன்றேகால் அவுன்ஸ் ஐந்தாம் நம்பரில் சுமார் 210 குண்டுகள் இருக்கும், ஆக 125 அளவுக்குத் தாளில் ஓட்டை தெரிய வேண்டும்.

பெரிய பழுப்புத் தாளை அட்டையில் ஒட்டி, நடுவில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துச் சுடுங்கள். ஓட்டைகள் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். பிறகு உள்ளங்கையைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். கைக்கு அடியில் ஒரு ஓட்டையும் இல்லாத இடங்கள் நிறைய இருந்தால், பறவை அதன் வழியாகக் காயத்தோடு தப்பிவிடும். சோக்கையோ தோட்டாவையோ மாற்றி, மறுபடியும் சுடுங்கள். என் சிடோரியில் ஒரு தோட்டா அழகாகப் பரவியது, அதே எடையில் இன்னொரு கம்பெனியுடையது திட்டுத் திட்டாக விழுந்தது. பெட்டியைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 5: வயலில்

ஆரஞ்சு தொப்பியும் மேல்சட்டையும் போடுங்கள். சுடும் நேரம் காலை 10 மணி முதல் சூரியன் மறையும் வரை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல். பெட்டைக்கோழியைச் சுடக்கூடாது. நீண்ட வால், கழுத்தில் வெள்ளை வளையம், எழும்பும்போது கரகரவென்ற கத்தல், இவற்றைக் கண்டபிறகே சேஃப்டியைத் தள்ளுங்கள்.

பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் சுடுங்கள். தாழப் பறப்பதை விட்டுவிடுங்கள், நாய் துள்ளும், மக்காச்சோளக் கொல்லையின் மறுமுனையில் ஆட்கள் நிற்பார்கள். முதல் வருடம் 30 கஜத்துக்கு மேல் வேண்டாம். பறவை விழுந்தால் இன்னொன்று எழும்பினாலும் பார்க்காமல், விழுந்த இடத்திலேயே கண்ணை வைத்து நேராக நடங்கள்.

உடனே குடலை எடுத்து ஆறவிடுங்கள். சேவல் என்று காட்ட ஒரு காலையோ தலையையோ இறகு நிறைந்த சிறகையோ உடம்போடு விட்டு எடுத்துப் போக வேண்டும். வீட்டில் மிளகு வறுவலுக்கு நறுக்குவதற்கு முன், நெஞ்சுக்கறியை வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு நுழையும்போது சின்ன இறகையும் உள்ளே இழுத்துப் போயிருக்கும். கருநீலமாகக் கன்றிய இடத்தில் கத்தி நுனியை விட்டு அந்த இறகைப் பிடித்து இழுத்தால், பெரும்பாலும் அதன் முனையிலேயே குண்டும் வந்துவிடும்.