விளையாடி முடித்த பின் இளையோர் அணிப் பயிற்சியாளராவது எப்படி: கால்பந்து வீரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முப்பது வயதைக் கடந்த கால்பந்து வீரருக்கு முழங்கால் சொல்லும் சேதி ஒன்றுதான். ஒரு லீக் ஆட்டம் ஆடினால் வீக்கம் வடிய இரண்டு நாள் ஆகிறது. அடுத்த சீசனுக்கான பட்டியலில் பெயர் இருக்குமா என்பதும் உறுதியில்லை. ரயில்வே, வங்கி, சுங்கத்துறை போன்ற துறை அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவர்களுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. அது அமையாதவர்களும், அமைந்தும் மைதானத்தை விட மனமில்லாதவர்களும் பயிற்சியாளர் வேலையை நினைக்கத் தொடங்குவது இந்த வயதில்தான். பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளின் அணியை எடுத்து நடத்த விரும்பும் அத்தகைய வீரர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

எப்போது, எந்த வயதுக்காரர்களிடம் தொடங்குவது

ஆட்டத்தை முழுவதும் நிறுத்திய பிறகு பயிற்சிக்கு வரலாம் என்று காத்திருப்பது நல்ல கணக்கு அன்று. விளையாடும் கடைசி இரண்டு சீசன்களிலேயே ஒரு பள்ளியிலோ கிளப்பிலோ வாரத்துக்கு இரண்டு காலைகள் உதவிப் பயிற்சியாளராக நில்லுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிடிக்காதவர்கள் பலர் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொடங்கும்போது இயன்றவரை சிறு வயதுப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். 2010 உலகக் கோப்பையை வென்ற ஸ்பெயின் அணியின் நடுக்கள வீரர் சாபி அலோன்சோ 2017-இல் பயர்ன் மியூனிக்கில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் பெரிய கிளப் ஒன்று வேலை தந்திருக்கும். அவரோ ரியல் மாட்ரிட்டின் பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியை ஓராண்டு நடத்தினார். 2019-இல் ரியல் சோசியதாத் கிளப்பின் பி அணிக்குச் சென்று மூன்று சீசன்கள் அங்கேயே இருந்தார். அந்த அணி 2021-இல் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்து, அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. இறங்கிய அந்த அணியை நடத்தியவர்தான் 2023-24 சீசனில் பயர் லெவர்குசனை ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் ஜெர்மனியின் சாம்பியனாக்கினார். இங்கிலாந்து அணியின் முன்னாள் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டு லிவர்பூலின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியோடு ஒரே சீசன் இருந்துவிட்டு 2018-இல் ரேஞ்சர்ஸுக்குப் போய், 2020-21-இல் தோல்வியே இல்லாமல் ஸ்காட்லாந்து லீக்கை வென்றார் என்பதைக் காட்டி, குறுக்கு வழியும் பலிக்கும் என்று வாதிடலாம். ஆனால் அவர் ஜெரார்டு. மாவட்ட லீக்கிலும் சந்தோஷ் கோப்பையிலும் ஆடியவருக்கு அலோன்சோவின் வழியே பொருந்தும்.

உரிமம்

இந்தியாவில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமம் தொடக்கப் படி. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் மாநிலச் சங்கம் நடத்தும் ஆறு நாள் வகுப்பில் சேரலாம். அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தோடு சி, பி, ஏ, புரோ என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு படிக்கும் இடையே களத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதால் அவசரப்பட்டு ஏற முடியாது; கட்டணமும் இடைவெளி விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே பார்க்கவும். பள்ளி, கல்லூரி, அரசு விடுதிகளில் வேலை தேடுவோருக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயமும் ஆறு வாரச் சான்றிதழும் பயன்படும். கிளப் அணிகளில் உரிமமே பேசும், ஏனெனில் கிளப் உரிம விதிகளின்படி இளையோர் அணிகளுக்குத் தகுதி பெற்ற பயிற்சியாளர்களைக் காட்ட வேண்டிய கடமை கிளப்புகளுக்கு இருக்கிறது.

“இத்தனை வருடம் ஆடியவனுக்கு எதற்குப் பாடம்?” என்று கேட்பவர்கள் ஜிதேனின் கதையை அறிந்துகொள்வது நல்லது. உலகக் கோப்பை வென்ற ஜினெதின் ஜிதேனுக்கே, உரிய உரிமம் இல்லாமல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியை நடத்தியதாகக் கூறி 2014-இல் ஸ்பெயின் கூட்டமைப்பு மூன்று மாதத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் தடை நிறுத்திவைக்கப்பட்டது என்றாலும், தாளில் இல்லாத தகுதியை மைதானப் புகழ் ஈடு செய்யாது என்பது அதில் தெளிவானது.

மைதானத்தில்

விளையாடியவரின் பெரிய சொத்தே பயிற்சியில் முதல் தடையாக வந்து நிற்கும். நடுக்களத்தில் பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வதை நீங்கள் பல வருடங்களாகச் செய்து வருகிறீர்கள்; செய்கிறோம் என்பதே உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒரு பையன் பந்தை வாங்கித் திரும்பி நேரே எதிராளியின் மீது மோதும்போது, “பார்த்து ஆடுடா” என்று கத்துகிறீர்கள். எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் உடம்புக்குத் தெரிந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்து வாயால் சொல்லக் கற்பதே இந்தத் தொழிலின் பாதி.

மேற்சொன்ன ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நான்கு கோன்களை வைத்துப் பன்னிரண்டு மீட்டர் சதுரம் ஒன்றை அமையுங்கள். எதிரெதிர் ஓரங்களில் இருவர், நடுவில் ஒருவர். ஓர் ஓரத்திலிருந்து வரும் பந்தை நடுவிலிருப்பவர் வாங்கி மறு ஓரத்துக்கு அனுப்ப வேண்டும். பந்து கிளம்புமுன், பின்னால் நிற்பவர் விரல்களை உயர்த்திக் காட்டுவார்; எத்தனை விரல் என்று நடுவிலிருப்பவர் சொல்லிவிட்டுத்தான் பந்தை வாங்க வேண்டும். பந்து உருளத் தொடங்கிய பிறகு திரும்பினால் தாமதம் என்பதும், அது கொடுப்பவரின் காலில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதும் சில முறைகளிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபடும். அடுத்து, உடலைப் பக்கவாட்டில் திறந்து நின்று, பந்து வரும் பக்கத்துக்குத் தொலைவிலுள்ள காலால் வாங்கச் சொல்லுங்கள். திரும்புவதற்கு ஓர் அடி மிச்சமாகும். பிறகு விரல்களை விட்டுவிட்டு உண்மையான டிஃபெண்டர் ஒருவரை உள்ளே விடுங்கள்: அவர் ஒட்டி வந்தால் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், விலகி நின்றால் திரும்ப வேண்டும். முடிவெடுப்பவர் பிள்ளைதான். தவறும்போது விடையைச் சொல்லாமல் “வாங்குறதுக்கு முன்னாடி என்ன பார்த்தே?” என்று கேளுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் பேச்சு நீண்டால் கவனம் சிதறிவிடும்.

நம் ஊர் மைதானங்களில் அதிகம் காணப்படும் வீண் வேலை வரிசையில் நிற்க வைப்பது. பதினெட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகக் கோல் அடிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடி என்றால், பதினைந்து நிமிடத்தில் ஒருவருக்கு ஐந்தே வாய்ப்பு. மிச்ச நேரமெல்லாம் முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்ப்பது. அதே பதினைந்து நிமிடத்தை மூவருக்கு மூவர் என்ற மூன்று சிறு ஆட்டங்களாகப் பிரித்தால், பந்தைத் தொடுதல், மறித்தல், முடிவெடுத்தல் எல்லாமே பன்மடங்காகும். இரண்டு பேருக்கு ஒரு பந்தாவது இல்லாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக நான்காம் அளவுப் பந்து, அதற்கு மேல் ஐந்தாம் அளவு. பதினொருவர் ஆட்டத்துக்கு அவசரம் வேண்டாம். சிறுவர்களுக்கு ஐவர், பிறகு ஏழு அல்லது எட்டுப் பேர் என்று படிப்படியாகப் போகலாம்.

இரண்டு பழக்கங்களை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஒன்று, நீங்களே உள்ளே இறங்கி ஆடுவது: உங்களைக் கண்டதும் எல்லாப் பந்தும் உங்கள் காலுக்கே வரும், கைதட்டலும் கிடைக்கும், பிள்ளைகள் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். மற்றொன்று, தவறு செய்தவரை “ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா” என்று அனுப்புவது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்ற பிள்ளை எண்பதாவது நிமிடத்தில் அணிக்காக விரும்பி ஓடும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

வளரும் உடம்பு

ஆண் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதையொட்டியும், பெண் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முந்தியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த மாதங்களில் நேற்று வரை பந்தைக் காலோடு ஒட்டி வைத்திருந்தவருக்கு இன்று கால் இடறும். முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு முனையில் வலி வரும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வலியைச் சோம்பல் என்று எண்ணி விரட்டுவது பெரும் பிழை. குதிப்பதையும் ஓங்கி உதைப்பதையும் குறைத்து, மருத்துவரிடம் அனுப்புங்கள். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபிஃபாவின் 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப்பைப் பழக்குங்கள். காயங்களைக் குறைப்பதாக ஆய்வுகளில் காட்டப்பட்ட முறை அது.

தேர்வின்போது பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஜனவரியில் பிறந்தவர் அதே பிரிவில் டிசம்பரில் பிறந்தவரைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர். அவருடைய உயரத்தைத் திறமை என்று நாம் எளிதில் மயங்குகிறோம். வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழோடு வருபவர்களும் உண்டு. மணிக்கட்டு எக்ஸ்ரேயால் எலும்பு வயதைக் கணிக்கும் டிடபிள்யூ3 சோதனை இளையோர் போட்டிகளில் நடைமுறையில் இருக்கிறது. அதில் பிடிபடும் பையனைவிட, தெரிந்தே அவனை அழைத்து வந்த பயிற்சியாளருக்கே என் கணக்கில் பழி அதிகம்.

பிள்ளையோடு தனியறையில் இருக்காதீர்கள், பெற்றோர் அறியாமல் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். கிளப்பின் நற்பெயர் அதற்குச் சாக்காகாது.

பெற்றோரும் வருமானமும்

சீசன் தொடங்குமுன் பெற்றோரை ஒருமுறை உட்கார வைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட நேரம் தரப்படும் என்பதையும், கோட்டுக்கு வெளியிலிருந்து யாரும் உத்தரவு போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். வருமானத்தைப் பொறுத்தவரை, டி உரிமத்தோடு மட்டும் குடும்பம் நடத்துவது கடினம். காலையில் அகாடமி, பகலில் பள்ளி, மாலையில் இன்னொரு கிளப் என்று ஓடுபவர்களே அதிகம். கையிலுள்ள நிரந்தர வேலையை சி உரிமம் வரும்வரை விடாதீர்கள்.

வெற்றியை எப்படி அளப்பது

கோவாவைச் சேர்ந்த முன்னாள் வீரர் பிபியானோ பெர்னாண்டஸின் இந்தியப் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணி, 2018-இல் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் வியட்நாமை 1-0 என வென்று, ஈரானுடனும் இந்தோனேசியாவுடனும் கோலின்றிச் சமன் செய்து காலிறுதிக்குப் போனது. அங்கே தென் கொரியாவிடம் 0-1 எனத் தோற்றது. வென்றிருந்தால் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கும். அவர் பெரியவர்கள் அணிக்குத் தாவாமல் இளையோரோடே தங்கினார். 2022-இல் கொழும்பில் நேபாளத்தை 4-0 என வென்று தெற்காசியப் பதினேழு வயதுக்குட்பட்டோர் கோப்பையை அவர் அணி எடுத்தது. கோப்பை செய்தியில் வரும். ஆனால் ஓர் இளையோர் பயிற்சியாளரை எடைபோட நான் கேட்பது வேறு: மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரிடம் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், எத்தனை பேர் மேல் பிரிவுக்குப் போனார்கள்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு நாளின் பயிற்சித் திட்டம், வருகை, ஆடிய நிமிடங்கள், மூன்று மாதத்துக்கொருமுறை அளந்த உயரம், எடை, காயம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வாருங்கள். இரண்டு மூன்று பயிற்சிகளைக் கைபேசியில் படமெடுத்தும் வையுங்கள். சி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், கிளப் ஒன்றின் நேர்காணலுக்குப் போகும்போதும், பழைய பதக்கங்களோடு இந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். “பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத் திட்டம் சொல்லுங்கள்” என்று கேட்டால் அதைத் திறந்து காட்டலாம்.